அப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்: எடைக்குப் போடுவதா, ஏலத்துக்கு விடுவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பல வருடம் கடை நடத்தியவர். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த பழைய காசுகளைக் காசு கொடுத்து வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருக்கிறார். அவர் காலமான பிறகு திறந்து பார்த்தால் 14 பிரிட்டிஷ் சவரன் தங்கக் காசு, 2 அரைச் சவரன், கினி (சவரனுக்கு முந்தைய ஆங்கிலத் தங்கக் காசு) என்று நீங்கள் நினைக்கும் இரண்டு காசு, கைகொள்ளாத அளவு கிரவுன், ஒரு துணிப்பை நிறைய அரைக் கிரவுன், ஃபுளோரின், ஷில்லிங் என்ற பழைய பிரிட்டிஷ் காசுகள், கடைசியாக "நெளிந்துபோன ஒரு வெள்ளித் தகடு". தங்கம் வாங்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா, மெருகேற்றி ஏலத்தில் விட்டால் கூட வருமா, சிலதை வைத்துக்கொண்டு நாமே சேகரிக்கத் தொடங்கினால் அது நல்ல முதலீடா, ஊருக்கு எடுத்துப்போக முடியுமா என்று நான்கு கேள்விகள். அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இந்த டின்னில் எதன் விலை உலோகத்தில் இருக்கிறது, எதன் விலை காசில் இருக்கிறது? அதைப் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். பிரிக்காமல் விற்றால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

லண்டனில் நாணய ஏலங்களுக்குப் பட்டியல் எழுதுவது என் வேலை. அதற்கு முன் ஒரு நாணய வியாபாரியின் கவுன்டரில் நின்றிருக்கிறேன். இப்படிப்பட்ட டின்கள் எத்தனையோ கை வழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் போட்ட படங்களை வைத்து வகை, வருடம், அடித்த நாணயச்சாலை, தேய்மானம் இவற்றைச் சொல்லலாம். ஒரு காசு அசலா போலியா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். கையில் வாங்கி, எடை போட்டு, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் சவரன் என்று சொல்லும் காசு 1816 சட்டத்தின்படி 1817இல் வந்தது. எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.322 கிராம். அரைச் சவரன் இதில் சரிபாதி. விக்டோரியா காலத்துக் காசானாலும் போன வருடம் பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் அடித்ததானாலும் இந்த அளவு மாறவில்லை. நம் ஊர் நகைக்கடையில் பவுன் என்றால் 8 கிராம் என்று பழகிய உங்களுக்கு இந்தக் கணக்கு சுலபம். அன்றைய 24 காரட் ஒரு கிராம் விலையை 7.32ஆல் பெருக்குங்கள், அதுதான் ஒரு சவரனின் தரை விலை. இதற்குக் கீழே கொஞ்சம் போகலாம், ரொம்பப் போகக் கூடாது. லண்டனிலும் பர்மிங்காமிலும் சவரன் வாங்கும் நல்ல வியாபாரிகள் சர்வதேச விலைக்கு ஓரிரண்டு சதவீதம் குறைத்து எடுப்பார்கள். 'பழைய தங்கம் வாங்கப்படும்' என்று பலகை மாட்டிய கடைகள் பத்து, பதினைந்து, சில சமயம் அதற்கு மேலும் குறைக்கும். சவரனை உருக்க வேண்டிய தேவையே இல்லை, அப்படியே மறுநாள் விற்கலாம். இருந்தும் உடைந்த சங்கிலிக்குக் கொடுக்கும் விலையைத்தான் கொடுப்பார்கள். உங்கள் கடைக்காரர் சொன்ன விலையை நீங்கள் எழுதவில்லை. கணக்குப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 14இல் எது தரை விலைக்கு மேலே போகும் என்று பார்க்கலாம். பெரும்பாலும் எதுவும் போகாது. எட்வர்ட் VII, ஜார்ஜ் V படம் போட்ட சவரன்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. எவ்வளவு பழையது என்பது இதில் பெரிய விஷயமே இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலை. இருந்தாலும் மூன்று இடத்தில் லென்ஸ் வையுங்கள். முதலாவது, பின்பக்கம். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கிய குதிரைவீரரும் நாகமும் இருந்தால் அது வழக்கமான வகை. கேடயம் இருந்தால் நிதானியுங்கள். லண்டனில் 1825 முதல் 1874 வரையிலும், ஆஸ்திரேலியாவில் 1887 வரையிலும் அடித்த கேடயச் சவரன்களுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. 1863க்கும் 1874க்கும் இடைப்பட்ட லண்டன் காசுகளில் கேடயத்தைச் சுற்றிய இலைமாலைக்குக் கீழே குட்டியாக ஓர் அச்சு எண், அதாவது எந்த அச்சில் அடித்தது என்ற எண், இருக்கும். வருடத்துக்கு ஒன்று என்றில்லாமல் எண்ணுக்கு ஒன்று சேர்க்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும். அது ஒரு தனிப் பைத்தியம், கெட்ட பைத்தியம் இல்லை.

இரண்டாவது, நாணயச்சாலையின் எழுத்து. லண்டன் காசில் எழுத்தே இருக்காது. சிட்னி என்றால் எஸ், மெல்போர்ன் எம், பெர்த் பி, கனடாவின் ஒட்டாவா சி, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா எஸ்ஏ, பம்பாய் ஐ. குதிரைவீரர் வகையில் இது தேதிக்கு மேலே, தரைக் கோட்டின் நடுவில் ஊசிமுனை அளவில் இருக்கும். விக்டோரியாவின் இளமை முகம் உள்ள காசாக இருந்தால் கழுத்துக்குக் கீழே பாருங்கள். கேடயம் என்றால் பின்பக்கம் மாலைக்குக் கீழே. பம்பாயில் சவரன் அடித்தது 1918 ஒரே வருடம். அச்சுகள் வந்து சேரத் தாமதமானதால் அதற்கு முன் அதே அளவில் 15 ரூபாய் தங்க மொகர் அடித்தார்கள். உங்கள் படங்களில் ஒன்பதாவதில் 1918க்கு மேலே ஒரு நேர்கோடு தெரிகிறது. அது ஐ எழுத்தாக இருந்தால் தரை விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அதற்காகத் தலைகீழாக ஓட வேண்டாம். ஒட்டாவாவில் 1908இல் அடித்தது 636 காசுகள்தான். அது வேறு உலகம்.

மூன்றாவது, வருடம். 1819, 1841, லண்டன் 1879, லண்டன் 1917 இந்த நான்கில் எது வந்தாலும் கடைக்காரரிடம் காட்டாமல் நேரே ஏல நிறுவனத்துக்குப் போங்கள். 1819இல் அடித்தது நான்காயிரத்துக்கும் குறைவு, 1879இல் லண்டனில் 20 ஆயிரம் சொச்சம். 1917 கதைதான் விசித்திரம். லண்டனில் பத்து லட்சத்துக்கும் மேல் அடித்தும் இன்று கண்ணில் படுவது அபூர்வம். போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருகிவிட்டன என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். இதில் ஒரு பொறியும் இருக்கிறது: அதே 1917இல் சிட்னியிலும் பெர்த்திலும் அடித்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த எழுத்தை இழைத்து எடுத்துவிட்டு லண்டன் காசு என்று விற்கிறவர்கள் உண்டு. தேதிக்கு மேலே தரைக்கோடு மழுங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இதற்கு நேர் எதிரான இன்னொன்று 1925 லண்டன். அந்த வருடத் தேதியைப் போட்டே 1949இலும் 1951, 1952இலும் மறுபடி அடித்தார்கள். அதனால் அது சாதாரணக் காசு.

எந்த வருடமானாலும் விளிம்பைச் சுற்றி ஒருமுறை பாருங்கள், குறிப்பாகத் தலைக்கு நேர் மேலே. சவரனைப் பதக்கமாகவும் மோதிரமாகவும் போடுவது இங்கேயும் வழக்கம்தான். வளையம் பற்றவைத்து எடுத்த தடமோ, கவ்வி பிடித்த நான்கு புள்ளியோ இருந்தால் அபூர்வ வருடத்தைத் தவிர மற்றதெல்லாம் உலோக விலைக்கு இறங்கிவிடும். படம் 4இல் எனக்கு அப்படித்தான் படுகிறது.

போலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 1950, 60களில் பெய்ரூட் பக்கம் தயாரான போலிச் சவரன்கள் இங்கே நிறையப் புழங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பல நல்ல தங்கம்தான். அன்றைக்கு ஒரு சவரன் அதில் உள்ள தங்கத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போனது, அந்த வித்தியாசம்தான் லாபம். ஆகவே உரைகல்லும் எக்ஸ்ரே கருவியும் "22 காரட்" என்று சொன்னால் தங்கம் சரி என்றுதான் அர்த்தம், காசு அசல் என்று ஆகாது. வீட்டில் செய்யக்கூடிய சோதனை மூன்று. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர் காலிப்பர், தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்ப்பது. புழக்கத்தில் சவரனுக்கு அனுமதித்த குறைந்தபட்ச எடை 7.94 கிராம்; அதற்குக் கீழே வந்தால் ஒன்று நன்றாகத் தேய்ந்தது, இல்லை தப்பானது. அடர்த்தி 17.5ஐ ஒட்டி வர வேண்டும். எடை சரியாக இருந்து எழுத்துகள் சோப்பில் அழுத்தியதுபோல மொழுக்கென்று இருந்தால், குதிரையின் பிடரி மயிர் பிரியாமல் கிடந்தால், அங்கேதான் அனுபவமுள்ள கண் வேண்டியிருக்கிறது. போலியானாலும் தங்கம் தங்கம்தானே, உருக்கி விற்கும் விலை உண்டு. சவரன் என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கினி விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தரப் போகிறேன் என்று நினைக்கிறேன். இரண்டு படத்திலும் மண்வெட்டி வடிவக் கேடயம் தெரிகிறது, ஜார்ஜ் III தலை தெரிகிறது, வருடம் 1790ஐ ஒட்டி. 1787 முதல் 1799 வரை அடித்த மண்வெட்டிக் கினி அசலாக இருந்தால் 8.35 கிராம் இருக்கும், குறுக்களவு 24 மில்லிமீட்டரை ஒட்டி வரும். விக்டோரியா காலத்தில் சீட்டாட்டத்துக்கு இதே உருவில் பித்தளை வில்லைகளை மூட்டை மூட்டையாகச் செய்தார்கள். அவற்றின் விளிம்பில் லத்தீன் சுருக்கெழுத்துகளுக்குப் பதிலாக "நல்ல பழைய நாட்களின் நினைவாக" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். உங்கள் முதல் படத்தில் அந்த வாசகத்தின் வால் தெரிகிறது, ஆகவே அது வில்லைதான் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதில் எழுத்துகள் வெறும் முதலெழுத்துகளாக, இடையில் புள்ளியோடு வருகின்றன. அது அசலாக இருக்க வாய்ப்புண்டு. தராசில் வையுங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அசல் என்றால் அதை எடைக்குப் போடுவது பாவம். கினி 1663இல் தொடங்கி 1814இல் முடிந்த வரிசை. ஆப்பிரிக்கக் கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்ததற்கு அடையாளமாக யானையும் கோட்டையும், கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்கத்துக்கு ஜார்ஜ் II தலைக்குக் கீழே இஐசி என்ற எழுத்தும் போட்ட கினிகள் இருக்கின்றன. மண்வெட்டி வகை அவற்றில் சாதாரணம்தான், ஆனாலும் சேகரிப்பாளர் விலை உலோக விலையைத் தாண்டியே நிற்கும்.

இனி வெள்ளி. இங்கேதான் எடைக்கடைக்காரர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள், இங்கேதான் சேகரிப்பின் சுவாரஸ்யமும் இருக்கிறது. வருடத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். 1919 வரை உள்ளவை 92.5 சதவீத வெள்ளி. 1920 முதல் 1946 வரை சரிபாதி வெள்ளி. 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். கிரவுன் 28.28 கிராம், அரைக் கிரவுன் 14.14, ஃபுளோரின் 11.31, ஷில்லிங் 5.66, ஆறு பென்னி 2.83. முகமதிப்புக்கு ஏற்றபடி எடை என்பதால் ஒரு குவியலில் எந்தக் காசு எத்தனை என்று எண்ண வேண்டியதில்லை. முதல் குவியலை மொத்தமாக நிறுத்து 0.925ஆல் பெருக்குங்கள், இரண்டாவதை 0.5ஆல். தேய்ந்துபோன எடை தானாகக் கழிந்துவிடும். மூன்றாவது குவியலில் சர்ச்சில் படம் போட்ட 1965 கிரவுனும் 1953, 1977 கிரவுன்களும் இருக்கும், எல்லா வீட்டு டின்னிலும் இருக்கும். பேத்திக்குக் கொடுங்கள். சில ஃபுளோரின்களில் வருடம் ரோமன் எழுத்தில், அதுவும் கோத்திக் எனும் பழைய பாணிச் சிறிய எழுத்தில் இருக்கும். வருடமே இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவை விக்டோரியா காலத்து நல்ல வெள்ளி.

முதல் குவியலை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1849 ஃபுளோரினில் 'கடவுள் அருளால்' என்ற லத்தீன் சுருக்கத்தை விட்டுவிட்டதால் அன்று கூச்சல் கிளம்பியது. கடவுளில்லாக் காசு என்று பெயரே வந்துவிட்டது. அரைக் கிரவுன் 1851 முதல் 1873 வரை புழக்கத்துக்கு அடிக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் ஒரு தேதியோடு வந்தால் முதலில் சந்தேகம், பிறகுதான் மகிழ்ச்சி. 1905 அரைக் கிரவுன் 166 ஆயிரம்தான் அடித்தார்கள், தேய்ந்திருந்தாலும் விலை உண்டு, போலியும் உண்டு. இரண்டாவது குவியலிலும் ஒன்றைத் தேடுங்கள்: 1927 முதல் 1936 வரை, 1935 தவிர, அடித்த மாலை கிரவுன்கள் பெரும்பாலான வருடங்களில் சில ஆயிரம்தான். 1934இல் வெறும் 932. முதல் குவியலுக்குத் திரும்பினால், 1847 கோத்திக் கிரவுன் 8,000. அது உங்கள் டின்னில் இருக்கிறது என்று நான் நம்பவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கக் கூடாது. கதை நன்றாக இருந்தால் விலையும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1887 ஆறு பென்னியின் பின்பக்கம் அரைச் சவரன் மாதிரியே இருந்ததால் ஆட்கள் தங்க முலாம் பூசி ஏமாற்றத் தொடங்கினார்கள், அதே வருடம் அச்சை மாற்ற வேண்டிவந்தது. அருமையான கதை. ஆனால் எல்லாரும் ஞாபகத்துக்கு ஒன்று எடுத்துவைத்ததால் இன்றும் மலிவாகவே கிடைக்கிறது.

வெள்ளியில் விலையைத் தீர்மானிப்பது தேய்மானம்தான். பிரிட்டிஷ் வியாபாரிகள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட் என்று படி வைத்திருக்கிறார்கள். பெயரில் மயங்காதீர்கள், "ஃபைன்" என்றால் நன்றாகவே தேய்ந்தது என்று பொருள். விக்டோரியாவின் முதிய முகம் போட்ட 1890களின் கிரவுன் ஃபைனில் வெள்ளி விலையை ஒட்டி நிற்கும். அதே கிரவுன் புழங்காத நிலையில் அதைப்போலப் பல மடங்கு போகும். நடுவில் இருக்கிற படியை மதிப்பிடுவதில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போவது அபூர்வம். இதில் கணிதத் துல்லியம் கிடையாது. அமெரிக்க நிறுவனங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து 70 மதிப்பெண்ணுக்கு இத்தனை என்று போடுகின்றனவே, அதுவும் கருத்துதான், கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் கருத்து.

அந்த நெளிந்த தகட்டைக் கடைக்காரர் ஓரமாகத் தள்ளினார் என்று எழுதியிருந்தீர்கள். டின்னிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். படத்தில் வலது பக்கம் பார்க்கும் முகம், நீளத் தலைமயிர், பின்பக்கம் சிலுவையாக நான்கு கேடயம்: வில்லியம் III ஆறு பென்னி போலத்தான் இருக்கிறது. அதன் பின்னணி பெரிது. அதற்கு முன் சுத்தியால் அடித்த காசுகளின் விளிம்பை வெட்டி வெட்டி ஜனங்கள் வெள்ளியைத் திருடிக்கொண்டிருந்தார்கள். 1696இல் அரசாங்கம் பழைய வெள்ளியை எல்லாம் திரும்ப வாங்கி எந்திரத்தில் புதிதாக அடித்தது. ஐசக் நியூட்டன் லண்டன் நாணயச்சாலைக்கு அதிகாரியாக வந்ததும் அதே வருடம்தான். லண்டன் மட்டும் தாங்காமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் ஐந்து ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறந்தார்கள். கழுத்துக்குக் கீழே அந்த ஊரின் முதலெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நெளிவு விபத்தில்லை. இரண்டு ஓரத்தையும் எதிரெதிராக வளைத்துக் காதலிக்குக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம், வில்லியம் காலத்து ஆறு பென்னிதான் அதற்கு அதிகம் பயன்பட்டது. தயவுசெய்து தட்டி நேராக்கிவிடாதீர்கள். பெரிய பணம் வராது, சில பத்து பவுண்டு. எடைக்குப் போட்டால் ஒரு காபி வாங்கலாம்.

மெருகேற்றுவது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. புளி, விபூதி, பற்பசை, வெள்ளி முக்கும் திரவம், எதுவும் கூடாது. நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பழகியவர்களுக்கு இது மனசுக்கு ஒவ்வாது, தெரியும். ஆனால் காசின் மேல் ஏறியிருக்கும் கருநீலப் படலம் நூறு வருடம் யாரும் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. தேய்த்தால் நுண்ணிய கீறல் விழும், லென்ஸில் உடனே தெரியும், பாதி விலை போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், அது பச்சையாகக் கசியும். அமிலமில்லாத காகித உறை போதும்.

விற்பனைக்கு வருவோம். சாதாரணச் சவரன்களை ஏலத்துக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. விற்பவரிடம் 10 முதல் 15 சதவீதம் வரை கமிஷன், அதன் மேல் வாட் வரி, பணம் வர மாதக்கணக்கு. தங்கக் காசு வாங்கி விற்கும் நிறுவனங்கள் மூன்றிடம் ஒரே நாளில் விலை கேட்டு, கூடுதல் சொன்னவரிடம் கொடுங்கள். அடையாளச் சான்று கேட்பார்கள், அது சட்டம். கேடயச் சவரன், கினி, நல்ல நிலையிலுள்ள வெள்ளி இவற்றைத் தனியாக எடுத்து லண்டனில் ஸ்பிங்க், நூனன்ஸ், பால்ட்வின்ஸ் போன்ற பெயர்பெற்ற ஏல நிறுவனங்களில் காட்டுங்கள். முதல் மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. கமிஷனைப் பேசிக் குறைக்கலாம், கேட்காதவருக்குக் குறைக்க மாட்டார்கள். வாங்குபவரும் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் முடிவான விலைக்கு, மேல் 20 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டுகிறார். அதை மனதில் கழித்துக்கொண்டுதான் கை தூக்குவார் என்பதால், மறைமுகமாக அதுவும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. வியாபாரியிடம் நேரே விற்றால் சில்லறை விலையில் அறுபது, எழுபது சதவீதம் உடனே கையில். நீங்கள் லெஸ்டரில் இருப்பதால் பர்மிங்காம் அருகே மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத்தில் நடக்கும் மிட்லண்ட் நாணயச் சந்தைக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள். விற்க வேண்டாம், நான்கு மேசையில் காட்டி விலை கேளுங்கள். படிப்புச் செலவில்லாத பள்ளிக்கூடம் அது.

அப்பாவின் கையெழுத்தில் உறை, பில், நோட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். காசு எங்கிருந்து வந்தது என்ற வரலாறு விலையைத் தூக்கும். யார்க்‌ஷயரில் எல்லர்பி என்ற ஊரில் 2019இல் சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது ஒரு குவளையில் 264 தங்கக் காசுகள் கிடைத்தன. கடைசிக் காசு 1727. அரசுக்குச் சேரும் புதையல் என்று கணக்கிட 300 வருடம் ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. வீட்டுக்காரர்களே 2022இல் ஸ்பிங்கில் விற்று ஏழரை லட்சம் பவுண்டு பார்த்தார்கள். அவற்றில் பல வேறு எங்காவது தனித்தனியாக வந்திருந்தால் அந்த விலையைத் தொட்டிருக்காது. குவளையின் கதையையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

வரியில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. 1837 முதல் அடித்த சவரன்கள் பிரிட்டனின் செல்லும் பணம், ஆகவே விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கினிக்கு அந்தச் சலுகை இல்லை, ஆனால் தனிப்பொருள் 6,000 பவுண்டுக்குள் விற்றால் கவலையில்லை. அப்பா காலமான நாளின் சந்தை மதிப்பு அவருடைய சொத்துக் கணக்கில் சேர வேண்டும். டின் என்பதால் விட்டுவிடக் கூடாது. அதற்கு மேல் உங்கள் குடும்ப நிலைமையைப் பொறுத்தது, கணக்காளரிடம் கேளுங்கள்.

சேகரிப்பு முதலீடா என்றால், தங்க விலை ஏறினால் சவரன் ஏறும், அது தங்கத்தின் வேலை. சேகரிப்பாளர் விலை என்பது ரசனையோடு ஏறி இறங்குவது. அடுத்த பத்து வருடத்தில் எது ஏறும் என்று சொல்பவரிடம் எதையாவது விற்கும் எண்ணம் இருக்கும். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரத்தோடு வரும் புது நினைவுக் காசுகளை மட்டும் தொடாதீர்கள், பெட்டியைத் திறந்ததும் விலை இறங்கும். சேகரிக்க ஆசை இருந்தால் என் யோசனை: உங்கள் 14இலிருந்தே ஜார்ஜ் V சவரனை ஏழு நாணயச்சாலைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். லண்டன், சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பம்பாய், பிரிட்டோரியா. சாதாரண வருடங்களாகப் பார்த்துச் சேர்த்தால் ஏழும் தங்க விலையை ஒட்டியே முடிந்துவிடும், இழப்பதற்கு அதிகம் இல்லை. படங்களைப் பார்த்த அளவில் நான்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ஊருக்குக் கொண்டுபோவதை நான் செய்ய மாட்டேன். இந்தியாவுக்குள் வரும்போது கிடைக்கும் வரிச்சலுகை நகைக்குத்தான், தங்கக் காசுக்கு இல்லை; சுங்கத்தில் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். உள்ளே போய்விட்டால் வேறு சிக்கல். 1972 சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் வெளியே அனுப்ப முடியாது. உங்கள் சவரன்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைத் தாண்டியவை. திருச்சியில் எந்த நகைக்கடைக்காரரும் கேடயத்துக்கும் குதிரைக்கும் வித்தியாசம் பார்த்து விலை போட மாட்டார். விற்பதானால் இங்கேயே விற்றுவிடுங்கள். எடை பார்த்ததும் அந்த இரண்டாவது கினி எவ்வளவு வந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.